செத்த கம்பெனியின் கையெழுத்து

“செத்தவன்கிட்ட கூலி கேக்கலாமா தம்பி?”

பகாவ் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் என்னிடம் இப்படிக் கேட்டவருக்கு அறுபது வயது இருக்கும். அந்தத் தோட்டத்தில் இருபத்து நாலு வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். மடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே சம்பளச் சீட்டுகள், வருடவாரியாக ரப்பர் பேண்டு போட்டு. எல்லாவற்றுக்கும் மேலே கலைப்பு அதிகாரியின் கடிதம், மலாயில், இரண்டே பத்தி. நீதிமன்ற உத்தரவுப்படி கம்பெனி கலைக்கப்பட்டது, வேலை ஒப்பந்தங்கள் தொடரா என்றது முதல் பத்தி. கம்பெனியிடம் பாக்கி உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் படிவம் கொடுக்கலாம் என்றது இரண்டாவது. முதல் பத்தியோடு அவர் டின்னை மூடிவிட்டார். தேதி இரண்டாவது பத்தியில் இருந்தது. நான் பார்த்தபோது அது தாண்டிப் பதினொரு நாள்.

அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கம்பெனி போனால் ஒப்பந்தமும் போச்சு என்பது நெகிரி செம்பிலானில் பொது அறிவு மாதிரி உலவுகிறது. கட்சிக்காரர் சொல்கிறார், பழைய கிராணி சொல்கிறார், கோட்டும் டையும் போட்டவர்களே சொல்கிறார்கள். படித்தவர்கள் சொல்லும்போது அதற்கு ஒரு நியாயமும் கூட வருகிறது. அந்த நியாயத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன்.

திவாலான கம்பெனியிடம் எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. இருப்பதைச் சேர்த்து, விற்று, பங்கு பிரிப்பதுதான் கலைப்பு அதிகாரியின் வேலை. கம்பெனி என்றோ போட்ட ஒப்பந்தங்களை எல்லாம் அவர் நிறைவேற்றிக்கொண்டே இருந்தால் மிச்சப் பணமும் கரையும். அதனால் சுமையான ஒப்பந்தத்தைக் கைவிட அவருக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. தோட்டத்தை வாங்க வருபவன் பழைய பொறுப்புகள் ஒட்டாத நிலத்தைத்தான் கேட்பான். பொறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அவன் வரமாட்டான். அவன் வராவிட்டால் தொழிலாளிக்கும் ஒன்றும் இல்லை. ஆகவே கொடுப்பதை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே புத்தி.

இதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். பணம் போதாது என்பது உண்மை. வேலையை நிறுத்தும் அதிகாரம் கலைப்பு அதிகாரிக்கு வேண்டும் என்பதும் உண்மை. “இனி நிறைவேற்ற முடியாது” என்ற இடத்திலிருந்து “அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை” என்ற இடத்துக்கு ஒரு தாவு தாவுகிறார்களே, அந்தத் தாவலைத்தான் மறுக்கிறேன்.

1. செத்தவன் கையெழுத்து செல்லாது என்றால், வங்கிப் பத்திரத்தில் இருக்கும் கையெழுத்து மட்டும் எப்படிப் பிழைத்தது?

தோட்ட நிலத்தின் மேல் வங்கிக்கு அடமானம் இருக்கிறது. அந்த அடமானம் வானத்திலிருந்து விழவில்லை. அதுவும் ஓர் ஒப்பந்தம்தான். அதே கம்பெனி, அதே இயக்குநர்கள், பல சமயம் அதே பேனா. கம்பெனி கலைக்கப்பட்ட மறுநாள் வங்கி அதிகாரி யாராவது “ஐயோ, கையெழுத்துப் போட்டவன் செத்துட்டானே” என்று பத்திரத்தைக் கிழித்தாரா? பத்திரத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வரிசையில் நிற்கிறார். ஆக, கம்பெனி சாகும்போது ஒப்பந்தம் சாவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தொழிலாளியின் ஒப்பந்தத்துக்கு மட்டும்தான் கருமாதி நடக்கிறது.

“வங்கிக்குப் பிணை உண்டு, தொழிலாளிக்கு இல்லை” என்று பதில் வரும். சரி. அப்படியானால் நாம் வரிசையைப் பற்றிப் பேசுகிறோம். யார் முன்னால், யார் பின்னால் என்பது ஒரு கேள்வி. வரிசையில் நிற்கவே உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவதற்குச் சொல்லித்தான் அந்த டின்னை மூட வைத்தார்கள்.

2. கைவிடுவது என்றால் என்ன?

மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, 1872 இந்தியச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுக்குத் தங்கை. ஒருவன் தான் கொடுத்த வாக்கை முழுதாக நிறைவேற்ற மறுத்தால், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை எதிராளிக்கு வருகிறது. கவனியுங்கள், மறுத்தவனுக்கு இல்லை. 74-ஆம் பிரிவு, முறித்தவன் நட்டஈடு தர வேண்டும் என்கிறது. இது சாதாரண நாளுக்கான சட்டம்.

திவால் நாளில் என்ன? நம் கம்பெனிச் சட்டம் கலைப்பு அதிகாரிக்கு, லாபமற்ற ஒப்பந்தங்களையும் சுமையான சொத்துகளையும் உதறும் அதிகாரம் தருகிறது. ஆனால் அவர் நினைத்தபடி உதற முடியாது. நீதிமன்றத்தின் அல்லது கடன்காரர் குழுவின் அனுமதி வேண்டும், காலக்கெடுவும் உண்டு. அதைவிட முக்கியம், அப்படி உதறுவதால் நட்டப்பட்டவர் அந்த நட்டத்தின் அளவுக்குக் கம்பெனியின் கடன்காரர் ஆகிறார் என்று அதே சட்டம் சொல்கிறது. உதறுதல் கடனை உண்டாக்குகிறது. அழிக்கவில்லை.

நீதிமன்றக் கலைப்பு உத்தரவு தொழிலாளிக்கு வேலை நீக்க நோட்டீசுக்குச் சமம் என்பது பழைய பொதுச்சட்ட விதி. இதைத்தான் “ஒப்பந்தம் போச்சு” என்று மொழிபெயர்க்கிறார்கள். வேலை போனது உண்மைதான். வேலை போனதால்தானே நோட்டீஸ் சம்பளமும் பணிநீக்கச் சலுகையும் பிறக்கின்றன? ஓய்வு வயது, தானாக விலகல், ஒழுங்கீனம் ஆகிய காரணங்கள் தவிர்த்து வேலை முடிந்தால் 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி சலுகை உண்டு: இரண்டு வருடத்துக்குக் கீழே சேவை என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். பிஸ்கட் டின்காரருக்கு இருபத்து நாலு வருடம். 480 நாள் சம்பளம். நாளுக்கு 65 வெள்ளி என்று வைத்தாலே 31,200 வெள்ளி. அவர் முதல் பத்தியோடு மூடிவைத்தது இதைத்தான்.

கடனாளிக் கம்பெனிகளின் சொர்க்கம் என்று பேர் வாங்கிய அமெரிக்காவிலேகூட நிலை இதுதான். உடற்பயிற்சியின்போது உடலைக் குளிர்ச்சியாக வைக்கும் துணி தயாரித்த டெம்ப்னாலஜி என்ற கம்பெனி, திவாலில் தன் வணிகச்சின்ன உரிம ஒப்பந்தத்தை நிராகரித்தது. நிராகரித்தபடியால் உரிமமே காலி என்று வாதாடியது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளியது. நிராகரிப்பு என்பது ஒப்பந்த மீறல், ஒப்பந்த ரத்து ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். துணிக்கம்பெனியின் சின்னத்துக்கு இருக்கும் மரியாதை குலை வெட்டிய கைக்கு வேண்டாமா?

அங்கே தொழிலாளர் பக்கமும் ஒரு கதை உண்டு. 1984 பிப்ரவரியில் பில்டிஸ்கோ வழக்கில் அதே நீதிமன்றம், திவாலான முதலாளி கூட்டு ஒப்பந்தத்தை நிராகரிப்பதை எளிதாக்கியது. சங்கங்கள் கொதித்தன. அதே வருடம் ஜூலைக்குள் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்துவிட்டது: முதலில் சங்கத்திடம் கணக்கைக் காட்டு, மாற்று யோசனை வை, பேசு, பிறகு நீதிமன்றத்திடம் வா. ஐந்தே மாதம். நம் ஊரில் ஐந்து மாதத்தில் ஒரு கடிதத்துக்குப் பதில் வந்தால் அதுவே பெரிது.

3. “வங்கிக்கு அப்புறம்தான் மத்தவங்க.” இதை எழுதிய கடவுள் யார்?

புவியீர்ப்பு போலச் சொல்கிறார்கள். எழுதியது நாடாளுமன்றம். 1965 கம்பெனிச் சட்டம், தொழிலாளியின் சம்பளப் பாக்கியில் 1,500 வெள்ளி வரை முன்னுரிமைக் கடன் என்றது. அரை நூற்றாண்டு அந்த 1,500 அசையவில்லை. ரப்பர் மரம் விழுந்து செம்பனை வந்தது, செம்பனை விழுந்து வீடமைப்பு வந்தது, 1,500 மட்டும் நின்ற இடத்தில் நின்றது. 2016 சட்டத்தில்தான் அது 15,000 ஆனது. அதுவும் கலைப்புக்கு முந்தைய நாலு மாத வேலைக்கு. அந்தப் பிரிவு “சம்பளம்” என்பதில் வேலை ஒப்பந்தப்படியும், வேலை நிலைமைகளை ஒழுங்கு செய்யும் தீர்ப்பு அல்லது உடன்பாட்டின்படியும் வரும் படிகளைச் சேர்க்கிறது. ஒப்பந்தம் செத்துவிட்டது என்றால் செத்ததன் பெயரைச் சட்டம் ஏன் உச்சரிக்க வேண்டும்?

இன்னொன்று பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வதும் இல்லை. 1955 வேலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. அடமானம் வைத்திருப்பவர் கேட்டு நீதிமன்ற உத்தரவில் சொத்து விற்கப்பட்டாலோ, கடன் பத்திர உரிமையில் ரிசீவர் விற்றாலோ, அந்த இடத்தில் வேலை செய்தவர்களின் சம்பளத்தை உறுதி செய்த பிறகுதான் விற்ற பணம் அந்தக் கடன்காரருக்குப் போக வேண்டும். உச்சவரம்பு, தொடர்ச்சியான நாலு மாதச் சம்பளம். பணிநீக்கச் சலுகையும் விடுப்புச் சம்பளமும் இந்தப் பிரிவில் “சம்பளம்” என்றே கணக்கு. இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் நாலு மாதம் 6,800. வங்கிக்கு முன்னால். மீதி, வரிசையின் பின்னால் போய் நிற்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் “வங்கிக்கு அப்புறம்தான்” என்பது சட்டம் தெரியாத பேச்சு, அல்லது தெரிந்தே சொல்லும் பேச்சு.

இந்தியாவில் 2016 திவால் சட்டம் வேறு மாதிரி எழுதியது. கலைப்புக்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கியைப் பிணையுள்ள கடன்காரரோடு சம வரிசையில் வைத்தது. சேமநிதி, பணிக்கொடை நிதிப் பணத்தைப் பங்கு போடும் சொத்திலேயே சேர்க்காமல் வெளியே நிறுத்தியது. அங்கே நடைமுறை இழுத்தடிப்பு என்பது தனிக் கதை. நான் சொல்வது, நாலு மாதம் என்பதும் 24 மாதம் என்பதும் மனிதர்கள் எழுதிய எண்கள். ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் கேட்க வேண்டிய எண்கள்.

4. “பழைய பொறுப்பு ஒட்டினால் வாங்க ஆள் வரமாட்டான்.” எதை வாங்க?

லாபு, நீலாய், செனவாங் பக்கம் வண்டியை ஓட்டிப் பாருங்கள். பால்மரம் நின்ற இடத்தில் என்ன நிற்கிறது? அங்கே வந்தவன் மரத்துக்கு விலை பேசவில்லை, மண்ணுக்குப் பேசினான். ஒப்பந்தம் தொடர்ந்தால் வேலைகள் காப்பாற்றப்படா என்ற வாதம், வேலையே இல்லாத எதிர்காலத்துக்காக வாங்குபவன் விஷயத்தில் எப்படிப் பொருந்தும்? காப்பாற்றப்படுவது அவனுடைய விலைக்கழிவு. பொறுப்பு இல்லாத நிலம் அதிக விலைக்குப் போகும், அந்த அதிகம் எல்லாக் கடன்காரருக்கும் நல்லது என்பார்கள். நல்லதுதான். 480 நாள் சம்பளத்தை இழந்தவனின் செலவில் மற்றவர்களுக்கு நல்லது.

தோட்டமாகவே வாங்குபவன் வந்தால் அதற்கும் வழி எழுதியிருக்கிறது. உரிமை மாறிய ஏழு நாளுக்குள் பழையதற்குக் குறையாத நிபந்தனையில் புதியவன் வேலை கொடுக்க முன்வர வேண்டும். இல்லாவிட்டால் பணிநீக்கம் என்றே கணக்கு, சலுகை கொடுத்தாக வேண்டும். இது 1980 விதிமுறையின் 8-ஆம் விதி. தொழில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம், தொழில் உறவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி முதலாளியின் வாரிசுகளையும் உரிமை மாற்றிப் பெற்றவர்களையும் கட்டும். வெறும் மண்ணை வாங்கியவன் ‘வாரிசா’ என்று வக்கீல்கள் மல்லுக்கட்டலாம், கட்டட்டும். மல்லுக்கட்ட ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்பதே போதும். 2000-இல் பாராட் எஸ்டேட்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், யாரிடம் வேலை செய்வது என்று தேர்ந்தெடுப்பது தொழிலாளியின் உரிமை என்றது. மரத்தோடும் மாட்டோடும் சேர்த்து எழுதிக் கொடுக்கும் சாமானாக அவனைப் பார்க்க முடியாது.

வாங்க ஆள் வரமாட்டான் என்ற பயம் புதிதுமில்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்பினார்கள்; வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள்; லயம் லயமாக ஜனம் நடுத்தெருவுக்கு வந்தது. உங்கு அசிஸ் தலைமையில் அதை ஆராய்ந்து அறிக்கையே வந்தது. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களின் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்கிக் காட்டினார். வாங்க ஆள் இருந்தது, லயத்துக்குள்ளேயே. இன்றைய நில விலையில் அது நடக்காது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 31,200 வெள்ளியைக் கேட்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, உங்களிடம் முதல் இல்லையே என்று கேலி பேசாதீர்கள்.

5. சாகுஹாத்தி.

இந்த ஒரு சொல்லுக்குத் தனி எண் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சாகுஹாத்தி என்றால் மனம் விரும்பித் தரும் அன்பளிப்பு. மேசை போட்டு, பின்னால் பதாகை கட்டி, தலைவர் கையால் உறை. நான் பார்த்த ஓர் உறையோடு ஒரு தாளும் இருந்தது. “எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் முடிந்தன” என்று கீழே ஒரு வரி. அந்த வரிக்கு மேலே கட்டை விரல் ரேகை. தரவேண்டிய கடனைக் கொடையாகக் காட்டியதும், கொடுத்தவனுக்கு மாலை விழுகிறது, வாங்கியவன் கைகூப்புகிறான். கடன்காரனையே பிச்சைக்காரனாக்கும் வித்தை. ஒப்பந்தம் செத்துவிட்டது என்ற கருத்து இல்லாமல் இந்த வித்தை பலிக்காது, ஏனென்றால் கடன் இருக்கும் இடத்தில் அன்பளிப்புக்கு இடமில்லை.

ரேகை வைத்தவர்களும் பயப்பட வேண்டாம். வேலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சட்டம் தருவதைவிடக் குறைவான நிபந்தனை எந்த உடன்பாட்டில் இருந்தாலும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது.

6. “வீடு கருணையில் கொடுத்தது, காலி செய்.”

இங்கே எனக்குப் பாதகமானதை நானே சொல்கிறேன். வேலையோடு வந்த வீட்டை, வேலை முடிந்ததும் விடவேண்டிய அனுமதியாகத்தான் நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்க்கின்றன. லயத்து வீட்டைத் திவாலில் தக்கவைப்பது கடினம். ஆனால் கருணை என்ற சொல்லை மட்டும் விடமாட்டேன். சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் “வீடு இலவசம், தண்ணீர் இலவசம், மருந்து இலவசம், அதனால்தான் கூலி இவ்வளவு” என்று சொன்னது யார்? கூலியைக் குறைக்கும்போது வீடு சம்பளத்தின் பகுதி, கணக்கைத் தீர்க்கும்போது வீடு கருணை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டோடு நாட்டையே விட வேண்டியவர்களும் உண்டு. இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். அவர்களுடைய பெர்மிட்டில் முதலாளியின் பெயர் அச்சிட்டிருக்கிறது. கம்பெனி செத்தால் அவர்களுடைய தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். பாக்கியைக் கேட்கத் தொழிலாளர் இலாகா வாசலுக்குப் போனால் குடிநுழைவுக்காரர் பிடிப்பாரோ என்ற பயத்தில் கேட்காமலே கப்பல் ஏறுகிறார்கள். 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது நம் தாத்தாக்களை லட்சத்துக்கு மேல் இப்படித்தான் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ஏற்றி அனுப்பினார்கள். அவர்களும் கணக்குக் கேட்கவில்லை. நம் பேரன்கள் பார்க்க இன்னொரு கூட்டம் ஏறுகிறது, நாம் “அவங்க வேற” என்கிறோம்.

இனி அந்தப் பதினொரு நாள்.

தேதி தாண்டியதால் எல்லாம் முடிந்தது என்று மண்டபத்தில் ஒருவர் சொன்னார். முடியவில்லை. பங்கு பிரித்து முடிக்காத வரை தாமதமான கோரிக்கையையும் கொடுக்கலாம். ஏற்கெனவே பிரித்ததைக் கலைக்க முடியாது, அவ்வளவுதான். கம்பெனி மேல் வழக்குப் போட நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதைக் காட்டிச் சிலர் மிரட்டுவார்கள். பாக்கிக்கான படிவம் வழக்கே இல்லை, அதற்கு அனுமதி தேவையில்லை. ஆளாளுக்குப் படிவம் எழுத வேண்டிய அவசியமும் இல்லை: பல தொழிலாளர்களின் சம்பளப் பாக்கிக்கு ஒரே ஆள், எல்லாருக்குமாக, பெயரும் தொகையும் அடங்கிய பட்டியலோடு ஒரே படிவம் கொடுக்க 1972 கலைப்பு விதிகள் இடம் தருகின்றன. அந்த ஆள் தண்டலாக இருக்கலாம், டின் வைத்திருப்பவராகவும் இருக்கலாம்.

சம்பளச் சீட்டுகளை மூன்று தரம் எண்ணினோம். நடுவில் இரண்டு வருடத்துச் சீட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. சேமநிதிக் கணக்கறிக்கையில் மாதவாரியாக முதலாளி கட்டிய தொகை பதிந்திருக்கும், அந்த இரண்டு வருடத்துக்கு அதுவே சாட்சி என்றேன். முதலாளி கட்டாமல் விட்ட மாதங்களும் அதில் தெரியும். அந்தப் பாக்கிக்குக் கம்பெனியோடு சேர்த்து இயக்குநர்களும் சொந்தப் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி மண்டபத்தில் கூடுகிறோம். சீட்டு இல்லாதவர்கள் சேமநிதி அறிக்கையை எடுத்து வரட்டும். அடையாள அட்டை நகல் இரண்டு.